பன்னிரண்டு சர்வர்களின் பணிமூப்பு

உலகத்திலேயே கம்ப்யூட்டரை மருத்துவ விடுப்பில் அனுப்பிவைத்த ஒரே கண்காணிப்பாளர் நான்தான். ஒன்றை அல்ல, பதினொன்றை. ஒரே காலையில், ஒரே பேனாவால். அதில் ஒன்றுக்கு விடுப்பு நீட்டிப்பும் கொடுத்திருக்கிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

இதை நம்பாதவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை; அவர்கள் அங்கே இல்லை. ஆனால் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, “அப்படி ஒண்ணும் நடக்கலையே” என்று முகத்தைத் துடைத்துக்கொள்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். என் மனைவியின் அண்ணன். அதே இயக்ககத்தில் கணக்கு அலுவலராக இருந்து, துணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். மச்சான் நம்பாவிட்டால் எனக்கு ஒரு முடியும் உதிராது, உதிர்வதற்கு மிச்சமும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் பிழைப்பு அவருடைய வாயில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

எங்கள் சர்வர்களை ஒன்றாகக் கட்டி மேய்க்கும் மென்பொருளை நிறுவ வந்தவள் அவள். ‘நிறுவியது பழுது, சரியான பாஸ்வேர்டையே ஏற்க மறுத்தது’ என்று எழுதி அவளைக் கறுப்புப் பட்டியலில் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த நிறுவனமும் அவளை வாசற்படி ஏற்றுவதில்லை. இப்போது மறுவிசாரணை வருகிறது. அன்று சர்வர் அறைக்குள் இருந்த ஏழு அதிகாரிகளில் ஒருவர் நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். நான் அறைக்கு வெளியே நின்றவன். இருந்தாலும் போய்ச் சொன்னேன். “கம்ப்யூட்டருக்கு லீவு” என்று ஆரம்பித்ததுமே விசாரணை அதிகாரி பேனாவை மூடிவிட்டார். வாழ்நாள் முழுக்க நான் அளந்த கதைகளுக்கெல்லாம் அன்றைக்குத்தான் மொத்தமாக வட்டி கட்டினேன்.

எங்களுடையது ஆற்றின் நீர்வரத்தை முன்கூட்டிக் கணித்து எச்சரிக்கும் இயக்ககம். மேலே எவ்வளவு மழை, கீழே எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று சொல்ல வேண்டும். அதற்காகக் குளிரூட்டிய அறையில் பன்னிரண்டு சர்வர்கள் இருந்தன. பங்காளிச் சண்டைக்காரர்கள் போல ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. முந்தைய வருட வெள்ளத்தின்போது எங்கள் முன்கணிப்பு, தண்ணீர் வடிந்த பிறகு வெளியானது. இம்மி பிசகாமல் இருந்தது என்று இயக்குநர் பாராட்டுச் சான்று வாங்கினார்.

அந்த வெள்ளத்தில் ஆற்றோரத் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவரைக் கட்டிலோடு மொட்டை மாடிக்குத் தூக்கினார்கள். அவருடைய மகள்தான் இவள். வேறு ஊரில் நல்ல வேலையில் இருந்தவள், இந்த வேலை வருகிறது என்று தெரிந்ததும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். “அடுத்த மழைக்கு முன்னாடி இது ஓடணும் சார், எங்க அப்பா இன்னும் அதே வீட்லதான் இருக்கார்” என்று முதல் நாளே சொன்னாள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தன் வேலைக்கான காரணத்தைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

இயக்குநர் அறையில் கூட்டம். இயக்குநர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்து எடுத்ததைப் பார்வையிட்டு, மேசைக்கு அடியில் துடைத்துவிட்டு, “சொல்லும்மா” என்றார்.

“பன்னெண்டு சர்வரையும் ஒண்ணா கட்டிடலாம் சார். அதுல ஒண்ணு மத்ததுக்கெல்லாம் வேலையைப் பிரிச்சுக் கொடுக்கும். ரெண்டு நாள் கணக்கு ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்.”

“எது பிரிச்சுக் கொடுக்கும்?”

“புதுசா ஒண்ணு வாங்கியிருக்கீங்களே, அதுதான் சார். அதுதான் வேகம்.”

அறையில் இருந்த ஏழு அதிகாரிகளும் ஒரே நேரத்தில் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

“ஏம்மா, நேத்து வந்தது மத்ததுக்கெல்லாம் வேலை கொடுக்குமா? மூத்தது பதினொண்ணு கைகட்டி நிக்குமா? நாளைக்கு எவனாவது இதை எடுத்துக் காட்டி, எனக்கும் அப்படிக் கொடுங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்றார் இயக்குநர்.

“சார், இது மெஷின் சார்.”

“நானும் மெஷின் மாதிரிதாம்மா முப்பது வருஷம் உழைச்சேன். என்னை யாராவது வரிசை தாண்டி ஏத்திவிட்டாங்களா?”

உழைச்சேன் என்ற சொல்லைக் கேட்டு, ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் மட்டும் இருமினேன்.

பணிமூப்பு என்றால் என் மேசைக்குத்தான் வர வேண்டும். வந்தது. பன்னிரண்டு சர்வர்களுக்கும் பணிமூப்புப் பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த குஷியைக் கேட்கிறீர்களா? அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன். மனிதர்களுக்குப் பட்டியல் போட்டால் அழுவார்கள், சாபம் விடுவார்கள். சர்வர்கள் அப்படியில்லை, தங்கமானவை.

தற்காலிகப் பட்டியலை வெளியிட்டு ஆட்சேபணை கோரினேன். சர்வர்கள் ஆட்சேபிக்கவில்லை, அவற்றை வைத்திருந்த பிரிவுகள் ஆட்சேபித்தன. திட்ட அலுவலர் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். அவருடைய பிரிவின் சர்வர் முன்னாலேயே வாங்கப்பட்டது. ஆனால் பெட்டியைப் பிரிக்க ஆள் இல்லாமல் வெகுகாலம் மூலையில் கிடந்தது. பெட்டிக்குள் கிடந்த காலத்தைப் பணிக்காலமாகக் கொள்ளலாமா? சட்ட அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கருத்துச் சொன்னார். “பெட்டிக்குள்ள இருந்தப்பவும் அது வேலை செய்யத் தயாராத்தான் இருந்திருக்கு. நம்மகூட இருக்கிற பல பேரைப் பத்தி அவ்வளவுகூடச் சொல்ல முடியாது.” ஆட்சேபணை ஏற்கப்பட்டது.

கடைசியில் முதலிடம் யாருக்கு? எல்லாவற்றிலும் பழைய சர்வருக்கு. நாங்கள் அதை ‘இருமல்காரர்’ என்று கூப்பிடுவோம். ஓடும்போது நெஞ்சுச்சளி பிடித்தவர் போலக் கர் கர் என்று இழுக்கும். அதைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தி ஆணை பிறப்பித்தோம். இயக்குநர் அதன் முன்னால் நின்று கைதட்டினார். எல்லாரும் கைதட்டினோம். இருமல்காரர் இழுத்தது. அந்தப் பெண் மட்டும் கைதட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது, மென்பொருளுக்குள் யார் யார் நுழையலாம் என்ற பிரச்சினை. அதில் நான்கு படிகள் உண்டு என்று அவள் விளக்கினாள். உச்சியில் எல்லா உரிமையும் உள்ளவர். அடியில் பார்க்க மட்டும் உரிமை உள்ளவர். “யார் என்ன வேலை செய்றாங்களோ அதுக்குத் தக்க கொடுக்கணும் சார்.”

“சம்பளத்துக்குத் தக்க கொடுப்போம்” என்றார் இயக்குநர்.

அதனால் இரவு பகலாக ஆற்று மட்டத்தைப் பார்த்துக் கணிக்கிற கணிப்பாளருக்குப் பார்க்க மட்டும் உரிமை கிடைத்தது. கீபோர்டைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிற இயக்குநருக்கு உச்சிப் படி. கணிப்பாளர் திரையைப் பார்த்துவிட்டு அதை வெளியே சொல்லலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. “பார்க்கலாம். பார்த்ததைச் சொல்றதுக்குத் தனி அனுமதி வாங்கணும்” என்று சட்ட அலுவலர் அதையும் தீர்த்துவைத்தார்.

உச்சிப் படியின் பாஸ்வேர்ட் ஒருவரிடம் மட்டும் இருப்பதா என்று மற்ற ஆறு பேருக்கும் வயிறு எரிந்தது. எரிச்சல் என்று சொல்வார்களா? பாதுகாப்பு என்றார்கள். பாஸ்வேர்டை ஏழு துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டு. பணிமூப்பு வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து தன் துண்டை அடிக்க வேண்டும். ஒருவர் அடிக்கும்போது மற்ற ஆறு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பையன்களை நிறுத்துவார்களே, அப்படி. அரசாங்கத்தின் மிகப் பெரிய மூளைகளை வரிசையாகப் பின்புறம் மட்டும் பார்க்கும் பாக்கியம் எனக்கு அன்று கதவிடுக்கு வழியாகக் கிடைத்தது. அந்தக் காட்சியில் அவர்கள் முகத்தைக் காட்டிலும் நேர்மை தெரிந்தது.

எச்சரிக்கைச் செய்தி வெளியே போக வேண்டுமென்றால் உச்சிப் படியிலிருந்து மட்டுமே போகும். அதாவது ஏழு பேரும் கூட வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம் அந்தப் பெண்ணின் கணக்கை அழித்ததுதான். வெளியாளாம். அதற்குப் பிறகு அவள் சர்வர் அறைக் கதவுக்கு வெளியே நின்று, “இப்ப மேல இருக்கிற ரெண்டாவது பட்டனை அழுத்துங்க சார்!” என்று கத்த வேண்டும். உள்ளேயிருந்து, “பச்சையா, நீலமா?” என்று கேள்வி வரும். அவளுக்குக் காவலாக என்னை நிறுத்தினார்கள்.

மென்பொருளின் தொடக்க விழாவில் இயக்குநர் ஆற்றிய உரையை நான் அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறேன். “உள்ளே விடுறது யாராலயும் முடியும். விடாம இருக்கிறதுக்குத்தான் நிர்வாகத் திறமை வேணும். இன்னைக்கு இந்த மென்பொருளுக்குள்ள ஒருத்தராலயும் தனியா நுழைய முடியாது, என்னையும் சேர்த்து. இதைவிடப் பாதுகாப்பு உலகத்துல எங்க இருக்கு? யாரும் பயன்படுத்தாத வரைக்கும் இது கெட்டுப்போகவே போகாது!” பலத்த கரவொலி.

இருமல்காரர் பதவியேற்ற பிறகு சூடேறி, மூச்சு வாங்கி, அடிக்கொரு தரம் படுத்துவிடும். மழை மாதம் வந்துவிட்டது. அவள் இயக்குநரிடம் போய், தலைமையைப் புதிய சர்வருக்கு மாற்றிவிடலாம் என்று கெஞ்சினாள்.

“பதவியிறக்கம் பண்ணணும்னா குற்றச்சாட்டு வேணும்மா. அது என்ன தப்பு செஞ்சுது?”

“சூடாகுது சார்.”

“நானும்தான் சூடாகுறேன்.”

வெளியே வந்து என் மேசை எதிரில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வாடிப்போயிருந்தது. “சார், இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கு முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?”

“மெடிக்கல் லீவு. அடுத்த சீனியர் பொறுப்பு பார்ப்பார்.”

“அடுத்த சீனியருக்கும் முடியலைன்னா?”

“அதுக்கு அடுத்தவர்.”

அவள் என்னையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். “பதினொண்ணுக்கும் முடியலைன்னா?” என்றாள்.

இத்தனை வருடப் பணியில் என் தொழிலை இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. எழுந்து நின்று கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மருத்துவச் சான்றுக்கு ஏ.சி. மெக்கானிக்கைப் பிடித்தேன். “என்னய்யா சீக்குன்னு போட?” என்றார். முதல் சர்வருக்கு ‘உஷ்ணம்’, இரண்டாவதற்கு ‘மூச்சுத்திணறல்’ என்று வரிசையாகப் போட்டுத் தந்தார். ஏழாவதற்கு எதுவும் தோன்றாமல் ‘பொதுவான அசதி’ என்றார். பதினொரு விடுப்பு ஆணைகளும் மறுநாள் காலையில் கையெழுத்தாயின. பன்னிரண்டாவதும் கடைசியுமான புதிய சர்வர் பொறுப்புத் தலைமை ஏற்றது.

பதினொன்றும் ஒரே நாளில் லீவு என்றதும் இயக்குநருக்குச் சந்தேகம் வந்தது. “இது வேலைநிறுத்தமா?” என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்டார். லீவில் இருக்கும் வரை அவை தலைமை வகிக்கத்தான் மாட்டா, மற்ற வேலையைச் செய்யும் என்று அவள் விளக்கினாள். இயக்குநர் நெகிழ்ந்துபோனார். “லீவுல இருந்துக்கிட்டு வேலை செய்யுதா? பார்த்துக் கத்துக்கோங்கய்யா!” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

அன்று காலை ஏழு பேரும் சுவரைப் பார்த்து நின்று, உள்ளே நுழைந்து, மாற்றத்தைச் செய்துவிட்டு வெளியே வந்தார்கள். மென்பொருள் ஓடியது. அவள் சொன்னபடியே, ஒரு மணி நேரத்தில் கணக்கு முடிந்தது.

மதியம் கணிப்பாளர் ஓடி வந்தார். திரை சிவப்பாக இருந்தது. மேலே கொட்டிய மழை மாலைக்குள் இறங்கும். ஆற்றோரத் தெருவில் ஜன்னல் உயரம் தண்ணீர். எச்சரிக்கையை அனுப்ப வேண்டும். அப்போது ஏழு பேரும் சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார்கள். குத்தி முடிக்கும் வரை காத்திருந்தோம்.

இடையில் ஒரு சின்ன விஷயம் நடந்திருந்தது. மதியத் தபாலில் மச்சானுக்குப் பதவி உயர்வு ஆணை வந்திருந்தது. கணக்கு அலுவலர் துணை இயக்குநராகிவிட்டார். காலை வரை வரிசையில் ஐந்தாவது ஆள் திட்ட அலுவலர், ஆறாவது மச்சான். இப்போது ஐந்தாவது மச்சான், ஆறாவது திட்ட அலுவலர்.

கதவு சாத்தப்பட்டது. நானும் அவளும் வெளியே நின்றோம். முதல் நான்கு பேர் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாற்காலி கீச்சிட்டது.

“கொஞ்சம் தள்ளுங்க. இனிமே நான்தான் முன்னாடி.” மச்சான் குரல்.

“காலையில நான்தானே சார் அடிச்சேன்?” திட்ட அலுவலர் குரல்.

“காலையில நீங்க சீனியர். இப்ப நான்.”

அந்தப் பெண் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். “சார்! பழைய வரிசையிலயே அடிங்க சார்! அந்த வரிசைதான் சார் பாஸ்வேர்டு! மாத்தினா ஏத்துக்காது!”

“வெளியாளுக்கு சீனியாரிட்டியில பேச உரிமை கிடையாதும்மா” என்றார் சட்ட அலுவலர், சுவரைப் பார்த்தபடி.

முதல் முறை தவறு என்றது. இரண்டாம் முறையும் தவறு என்றது. “சார், எங்க அப்பாவால எழுந்திரிக்க முடியாது சார்” என்று அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள். கத்தவில்லை, சொன்னாள். திட்ட அலுவலர், “இந்த ஒரு தடவை பழையபடி...” என்று இழுத்தார். மச்சான் குரல் தணிந்து வந்தது. “ஒரு தடவை விட்டா எப்பவும் விட்ட மாதிரிதான்.” மூன்றாம் முறையும் மச்சான் முன்னால் அடித்தார். மென்பொருள் பூட்டிக்கொண்டது. மறுநாள் காலை வரை திறக்காது.

ஏழு பேரும் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றார்கள். “போன்ல சொல்லிடலாமே சார்” என்றேன் நான். இயக்குநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சிஸ்டத்துல வராத எச்சரிக்கைக்குப் பேரு வதந்திய்யா. நான் வதந்தி பரப்பணுமா?”

அவள் அதற்குள் படியிறங்கி ஓடிவிட்டாள்.

ஆற்றோரத் தெருவில் ஒவ்வொரு கதவாக உதைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு கதவைக் கழற்றி, அதன்மேல் அவளுடைய அப்பாவைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் அவர்களுடைய முழங்காலைத் துரத்திக்கொண்டே வந்தது. தெரு முழுவதும் மேட்டுக்கு ஏறிவிட்டது. வீடுகள் போயின, ஆள் ஒருவரும் போகவில்லை.

ஆள் போகாததால் இயக்ககத்தின் அறிக்கை அழகாக அமைந்தது. ‘அனுமதியற்ற ஒருவரும் மென்பொருளுக்குள் நுழையவில்லை, பாதுகாப்பு முழு வெற்றி. ஏழு அதிகாரிகளும் சரியான பாஸ்வேர்டை அளித்தும், பழுதாக நிறுவப்பட்ட மென்பொருள் ஏற்க மறுத்தது. நிறுவிய பெண், பார்க்க மட்டும் உரிமையுள்ள திரையை எட்டிப் பார்த்து, அதிலிருந்த எச்சரிக்கையைப் பொதுமக்களிடம் கசியவிட்டார்.’ எச்சரிக்கை கசிந்துவிட்டதாம்! மூக்கில் வடிவதைப் பற்றிச் சொல்வது போல எழுதியிருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். மச்சானும் வந்திருந்தார். அவரையும் நான்தான் வரச் சொன்னேன், காரணம் சொல்லாமல். அவளைப் பார்த்ததும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“அண்ணா, அந்தப் பொண்ணு பாவம்ணா” என்றாள் என் மனைவி.

“என்ன நடந்துச்சுன்னு இவரு சொல்றதெல்லாம் கதைம்மா. கம்ப்யூட்டருக்கு லீவு கொடுத்தேம்பாரு, பிரசவ லீவுன்னும் சொல்லுவாரு. நாங்க சரியாத்தான் அடிச்சோம். அது எடுக்கலை. அவ்வளவுதான்.”

கெஞ்சிக் கெஞ்சி அந்தப் பெண்ணுக்கு அலுத்துப்போயிருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் மச்சானுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

“மச்சான் சொல்றதுதாம்மா சரி. அவர் முன்னாடி போய் அடிச்சிருக்கவே முடியாது. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்.”

“அப்படிச் சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார் மச்சான், முதல் முறையாக நிமிர்ந்து.

“ஆமா. ஆர்டர் மதியம் வந்துச்சே தவிர, மச்சான் சார்ஜ் எடுத்தது மறுநாள்தானே? அன்னைக்கு முழுக்க அவர் வெறும் கணக்கு அலுவலர். திட்ட அலுவலருக்கு ஜூனியர். ஜூனியர் எப்படி முன்னாடி போக முடியும்? அவர் கம்முனு பின்னாடிதான் நின்னிருப்பார்.”

மச்சான் தட்டிலிருந்து கையை எடுத்தார். காது மடல் சிவந்தது.

“யாரு ஜூனியர்?”

“நீங்கதான். அன்னைக்கு.”

“யோவ், ஆர்டர் கைக்கு வந்த நிமிஷமே சார்ஜ் எடுத்துட்டேன்யா! இயக்குநர் முன்னாலயே கையெழுத்துப் போட்டேன்! அந்த ஆளு நான்தான் முன்னாடின்னு மறிச்சான். தள்ளுய்யான்னு தள்ளிட்டு நான்தான் அடிச்சேன்! மூணு தடவையும் நான்தான் முன்னாடி...”

நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகில் நின்றாள். அந்தப் பெண் கைப்பையோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

எனக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்ல நாக்கு அரித்தது, கடித்துக்கொண்டேன். மச்சான் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து அவளுக்கு எதிரில் போய் நின்றார். சுவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

“நடந்துச்சும்மா” என்றார். “நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னது அத்தனையும் எனக்குக் கேட்டுச்சு. நடந்துச்சு. எங்க வந்து சொல்லணும்?”